இறுவட்டின் முகமும் கூரையும்

மருதமுனையில் தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் கடலோரத்து முஸ்லிம் ஊர்களில் பல வீட்டு அலுமாரிகளின் கீழ்த்தட்டில் ஒரு கட்டு இறுவட்டு கிடக்கும். கலியாண வீடியோ, வலீமா வீடியோ, ஹஜ்ஜுக்குப் போனபோது எடுத்த படங்கள், பயான்கள், பிள்ளைகளின் கடந்தகால வினாத்தாள்கள், ஊர்க் கவிஞரின் இறுவட்டு வெளியீட்டு விழாவில் மரியாதைக்கு வாங்கியது. போட்டுப் பார்க்க வீட்டில் இப்போது கருவி இருக்காது. ஆனாலும் கலியாண வீடியோவைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்?

எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று. வட்டைத் திருப்பி, பளபளக்கும் அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். கீறல் இருந்தால் "போச்சு" என்பார்கள். இல்லாவிட்டால் சாரத்தின் நுனியால் துடைத்து, முகம் கீழே இருக்கும்படி மேசையில் வைப்பார்கள். அச்சிட்ட பக்கம்தானே, அதற்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. சீடியைப் பொறுத்தவரை இந்த நினைப்பு தலைகீழானது.

ஒரு சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதில் ஏறக்குறைய முழுவதும் பொலிகாபனேற்று எனப்படும் தெளிந்த பிளாஸ்டிக். தகவல் இருப்பது இந்தப் பிளாஸ்டிக்கின் உச்சியில். அங்கே 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் சுருண்டு ஓடும் நுண்குழித் தடம். அதன்மேல் 50 முதல் 100 நனோமீற்றர் வரையான அலுமினியப் படலம். அதன்மேல் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு வார்னிஷ் பூச்சு. அதற்கும் மேலே அச்சு மை. லேசர் கீழிருந்து வருகிறது. பிளாஸ்டிக்குக்குள் நுழையும் இடத்தில் அதன் ஒளிப்புள்ளி கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீற்றர் அகலம். தடத்தைத் தொடும்போது இரண்டு மைக்ரோமீற்றருக்கும் குறைவு. ஆகவே அடியில் இருக்கும் தூசியும் மெல்லிய கீறலும் லேசரின் கண்ணுக்கு மங்கலாகிப் போகின்றன. மிஞ்சியதைப் பிழைதிருத்தும் கணக்கு சரிசெய்துவிடும். தடத்தின் வழியே 2.5 மில்லிமீற்றர் வரை தொடர்ந்து அழிந்திருந்தாலும் சீடி பிசகாமல் பாடும். மேற்பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு போல்பொயின்ற் பேனாவால் அழுத்தி எழுதினால், அந்த அழுத்தம் வார்னிஷையும் உலோகத்தையும் சேர்த்து நசுக்கும். போன உலோகம் போனதுதான்.

சோதித்துப் பார்க்க ஆசையிருந்தால், மலிவான வெற்றுச் சீடி ஒன்றை எடுத்து அதன் முகத்தில் செலோடேப் ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். தரம் குறைந்த வட்டாக இருந்தால் டேப்போடு வெள்ளிப் படலமும் செதில் செதிலாக வந்துவிடும். வட்டின் அந்தப் பகுதி கண்ணாடி போலத் தெளிவாகிவிடும். அதன் வழியே பின்னாலிருக்கும் சுவரைப் பார்க்கலாம். டேப் கூட வேண்டியதில்லை, பழைய வட்டொன்றை மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாலே ஊசி முனையளவு ஒளித்துளைகள் அங்குமிங்கும் தெரியும். ஒவ்வொன்றும் உலோகம் இல்லாமற்போன ஓர் இடம்.

மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் அந்த முகப்பை அலங்காரம் என்று மட்டும் நினைப்பது இதனால்தான் பிசகு. சீடியில் அது தகவலுக்கு மேலே போட்ட கூரையின் கடைசி அடுக்கு. எந்த மையால், எந்தப் பசையால், எந்தப் பேனாவால் அதைச் செய்தோம் என்பது வட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

டிவிடி கொஞ்சம் வேறு பிறவி. 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளை ஒட்டிச் செய்வதால் தகவல் நடுவில் பத்திரமாக இருக்கிறது. முகத்தில் கீறினாலும் எழுதினாலும் சீடி அளவுக்குச் சேதமில்லை. ஆனால் அதன் தடங்கள் 0.74 மைக்ரோமீற்றர் நெருக்கத்தில் ஓடுவதால், வட்டு சற்றே வளைந்தாலும் பொறுக்காது. ஆரத்தின் வழியே 0.8 பாகைக்கு மேல் சாயக்கூடாது என்பது அதன் தர விதி. சீடிக்குப் பகை கீறல். டிவிடிக்குப் பகை வளைவு. முகப்பு வேலை இந்த இரண்டு பகையையும் கூட்டிவரக்கூடியது.

ஆயிரக்கணக்கில் வட்டு அடிக்கும் ஆலைகள் இதை எப்படிச் சமாளித்தன? 1982இல் முதல் சீடிகள் வெளிவந்ததிலிருந்து அவற்றின் முதன்மையான வழி ஸ்கிரீன் பிரிண்டிங். நம்மூரில் கலியாணக் கார்ட்டுக்கும் கடைப் பைக்கும் செய்கிற அதே வேலைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய பொலியெஸ்டர் வலையில் வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, மற்றதை அடைத்து, இறப்பர் பட்டையால் மையை வழித்துத் தள்ளுவது. வலை எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு மருதமுனைத் தறியில் இறங்கும் சாரத்தை நினைத்துக்கொள்ளலாம்: பாவும் ஊடும் அப்படித்தான் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன, ஆனால் வட்டுக்கான வலையில் ஒரு சென்றிமீற்றருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட இழைகள்.

மையின் சூட்சுமம் அது உலரும் விதத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது. காயும்வரை காத்திருக்க ஆலைக்கு நேரமும் இல்லை, ஒரு வட்டு வார்த்து முடிய நான்கு வினாடி கூட ஆகாது. ஆகவே கரைப்பானே இல்லாத ஒரு மை. புறஊதா விளக்கின் கீழே வட்டு போனதும், மைக்குள் இருக்கும் ஒரு வேதிப்பொருள் அந்தக் கதிரை விழுங்கி உடைந்து, சிறு மூலக்கூறுகளைக் கைகோத்து நீண்ட சங்கிலியாக்கிவிடுகிறது. ஒரு வினாடிக்குள் கூழாக இருந்தது பிளாஸ்டிக்காகிவிடும். ஆனால் கைகோத்தால் நெருங்கத்தானே வேண்டும்? உறையும்போது மை சற்றுச் சுருங்குகிறது. முகம் முழுக்கத் தடிப்பாக மை அடித்தால் அந்தச் சுருக்கம் வட்டின் விளிம்பை மேல்நோக்கி இழுத்து, மெல்லிய கிண்ணமாக்கப் பார்க்கும். முகம் முழுவதும் நிறம் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரோடு டிவிடி அச்சிடுபவர்கள் மல்லுக்கட்டியதற்கு இதுதான் காரணம். புகைப்படம் போன்ற நுணுக்கமான படங்களுக்கு ஓப்செற் முறை வந்தது. அதில் மைப்படலம் மிக மெல்லியது, இழுவையும் குறைவு.

இன்னொரு சிக்கல் வெள்ளை. நான்கு நிற மைகளும் ஒளியை ஊடுருவ விடுபவை. கடதாசியின் வெண்மை பின்னால் இருந்து திருப்பி அனுப்புவதால்தான் நமக்கு நிறம் தெரிகிறது. பின்னால் வெள்ளிக் கண்ணாடி இருந்தால் கலியாணப் பெண்ணின் முகம் சாம்பல் பூத்துவிடும், வெள்ளைச் சால்வை உலோகத் தகடாகிவிடும். ஆகவே முதலில் வெள்ளை மையால் ஒரு தளம், அதன்மேல்தான் படம். கடையில் "பிரின்டபிள்" என்று கேட்டு வாங்குகிற வெள்ளை முக வட்டு இந்தத் தளத்தோடு வருவதுதான்.

அந்த வெள்ளை வெறும் பெயின்ற் இல்லை. சிலிக்கா போன்ற நுண்துகள்களை நீரை விரும்பும் ஒரு பசையில் குழைத்துப் பூசிய, துளை நிறைந்த படலம். எப்சன் எல்800, எல்805 போன்ற தாங்கி பொருத்திய பிரின்டர்களோடு ஒரு பிளாஸ்டிக் தட்டு வருமே, அதில் இந்த வட்டைப் பதித்து உள்ளே தள்ளினால் 1.5 பிகோலீற்றர் அளவுச் சிறு துளிகள் அதன்மேல் விழும். ஒரு மில்லிலீற்றரை அறுபது கோடிக்கும் அதிகமான துண்டாக்கினால் வரும் அளவு. தண்ணீர் துளைகளுக்குள் இறங்கிவிட, சாயம் மேலே தங்கிவிடும். ஆறு நிறங்களில் இரண்டு இளஞ்சாயல்கள் என்பதால் தோல் நிறம் புள்ளி தெரியாமல் வரும். சிறு ஸ்டூடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இன்றுவரை இல்லை என்பது என் கட்சி. இந்த முறையில் கூரைக்கு மேலே பசையோ பாரமோ ஏறுவதில்லை.

கவனப்பிசகு நேர்வது அளவில். சாதாரண வெள்ளை முக வட்டில் அச்சிடும் பரப்பு நடுவிலிருந்து ஏறக்குறைய 46 மில்லிமீற்றர் விட்டத்தில்தான் தொடங்கும். மையம்வரை பூச்சுள்ள வட்டில் 23 மில்லிமீற்றரிலிருந்தே தொடங்கிவிடும். இரண்டாவது வட்டுக்குச் செய்த டிசைனை முதலாவதில் அடித்தால், துளையைச் சுற்றியிருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் வளையத்தில் மை போய் நிற்கும். உறிஞ்ச ஏதுமில்லை, பல மணி நேரம் கழிந்தும் கருநீல வளையமாக ஈரத்தோடு கிடக்கும். அந்த வட்டின் மேல் மற்றவற்றை அடுக்கினால் மேலிருப்பதன் அடிப்பக்கத்தில் மை ஒட்டும். வேலை செய்யும் பையனின் பெருவிரல் அதில் பட்டு, அடுத்த மாப்பிள்ளையின் கன்னத்தில் பதியும். "அவசரம் காக்கா, நாளைக்கு வலீமா" என்று வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும். உலர ஒரு முழு நாள் விடச் சொல்வதுண்டு. மையில் இருக்கும் கிளைக்கோல் வகைகள் குழாய் அடைபடாமலிருக்கச் சேர்க்கப்பட்டவை; காற்றில் ஈரம் நிறைந்த நம் மாரி மாதங்களில் அவை இன்னும் மெதுவாகத்தான் காயும்.

ஈர விரல் பட்டாலும் இந்த மை கரையும். அதைத் தடுக்க மேலே ஸ்பிரே வார்னிஷ் அடிக்கிறார்கள். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். சாதாரண ஸ்பிரேக்களில் அசற்றோனோ தொலுயீனோ கலந்திருக்கும். இரண்டுமே பொலிகாபனேற்றுக்கு நஞ்சு. விளிம்பில் வழிந்த துளி பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்து, மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். பளபளப்பு வேண்டுமென்றால் நீர் புகாத பளபளப்பு முகத்தோடு வரும் வெற்று வட்டை வாங்குவதே நேர்வழி. அப்படியான வட்டுகளில் பேர்போன ஜப்பானின் தையோ யூடன், பதிவு செய்யும் சீடியையே உருவாக்கிய நிறுவனம், 2015ஆம் ஆண்டு முடிவோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டது என்பது வேறு கதை.

அரபு வசனங்களைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. பயான் வட்டுகளின் முகத்தில் ஆயத்தை அழகாக அச்சிடும் பழக்கம் இருந்தது. வட்டு பழுதானால் அதை எங்கே போடுவது என்று பிறகு வீட்டார் தடுமாறுவார்கள். உறையில் அச்சிட்டு, வட்டில் தலைப்பையும் திகதியையும் மட்டும் போட்டிருந்தால் அந்தத் தடுமாற்றமும் இல்லை, மையும் மிச்சம்.

இனி, வட்ட ஸ்டிக்கர். சாதாரண பிரின்டரில் அடித்து, உரித்து, ஒட்டுவது. மலிவு, வேகம், பார்வைக்கும் நேர்த்தி. நான் பார்த்த வரையில் வட்டுக்குச் செய்யக்கூடிய கேடுகளில் இதுவே முதன்மையானது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்டிக்கரின் எடை ஏறக்குறைய ஒரு கிராம் என்று வையுங்கள். வட்டின் எடை பதினாறு கிராம் அளவில். கையால் ஒட்டும்போது ஸ்டிக்கர் மையத்திலிருந்து ஒரேயொரு மில்லிமீற்றர் விலகிப்போனது; கண்ணுக்குத் தெரியாது. 52 மடங்கு வேகக் கணினிக் கருவியில் வட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் சுழலும். அப்போது விளிம்பின் வேகம் மணிக்கு 220 கிலோமீற்றருக்கும் மேல். மையம் தப்பிய அந்த ஒரு கிராம் அச்சின்மேல் ஏறக்குறைய 110 கிராம் பாரத்தின் விசையைப் போடும். வட்டின் சொந்த எடையைப் போல ஏழு மடங்கு. அதுவும் ஒரே திசையில் அல்ல, வினாடிக்கு 166 தடவை சுற்றிச் சுற்றி. கருவி "உர்ர்" என்று உறுமுவது இதனால்தான். லேசரின் கண்ணாடிவில்லை இந்த அதிர்வுக்குள் மைக்ரோமீற்றர் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். வேகம் சதுரமாகக் கணக்கில் வருவதால், சுழற்சியைப் பாதியாக்கினால் விசை காலாகிவிடும். வீட்டு டிவிடி பிளேயரில் சண்டித்தனம் செய்யாத வட்டு கணினியில் மட்டும் அடம்பிடிப்பதன் ரகசியமும் இதுதான்.

அடுத்தது காற்று. கடதாசி தாவர இழைகளால் ஆனது. ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். இழை தன் நீளத்தில் மிகச் சிறிதளவே மாறும், அகலத்தில்தான் அதிகம் மாறும். ஆலையில் கடதாசி ஓடிவந்த திசையில் பெரும்பாலான இழைகள் படுத்திருப்பதால், ஸ்டிக்கர் ஒரு திசையில் கூடுதலாகவும் மறுதிசையில் குறைவாகவும் இழுக்கும். நம் கரையில் வாடைக் காலத்து மழை ஈரத்திலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களின் வறட்சிக்கு வந்தால் வித்தியாசம் சொல்லவேண்டியதில்லை. கச்சானில் உதடே வெடிக்கிறது. ஸ்டிக்கர் சுருங்க, வட்டு ஒரு விட்டத்தில் மேலே வளைந்து, மற்ற விட்டத்தில் அப்படியே கிடக்கும். டிவிடிக்கு இந்த வளைவு ஆகாது என்று முன்னமே பார்த்தோம். பசையும் சூட்டில் இளகும். வாகன பிளேயருக்குள் ஓரம் கிளம்பி மாட்டிக்கொண்ட வட்டை இடுக்கியால் இழுத்தெடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வட்டுப் பராமரிப்பு வழிகாட்டி, நெடுநாள் வைத்திருக்கும் வட்டில் ஸ்டிக்கர் ஒட்டவே வேண்டாம் என்கிறது. எழுதுவதென்றால் நீரை அடிப்படையாகக் கொண்ட மை நிரப்பிய மென்நுனிப் பேனா. அதிலும் பாதுகாப்பான இடம் துளையைச் சுற்றியிருக்கும் தெளிந்த வளையம். அங்கே தகவலும் இல்லை, உலோகமும் இல்லை. சைலீன் கலந்த, மூக்கைத் துளைக்கும் மணமுள்ள மார்க்கர்கள் வார்னிஷை மெல்ல ஊடுருவக்கூடியவை.

மையும் பசையும் வேண்டாம், லேசராலேயே படம் வரையலாம் என்ற யோசனையும் வந்து போனது. யமஹா 2002இல் வட்டின் அடிப்பக்கத்தில், பதிவாகாமல் மிஞ்சிய இடத்தில் படம் எரிக்கும் கருவியைத் தந்தது. எச்.பி. நிறுவனம் 2004இல் அறிவித்த லைட்ஸ்கிரைப் முறையில் வட்டைப் புரட்டிப் போட்டால், முகத்திலுள்ள சாயப் பூச்சில் லேசர் சாம்பல் நிறப் படம் வரையும். படம் எங்கே தொடங்குகிறது என்று கருவி அறிவதற்காகத் துளையோரம் ஒரு குறி வளையம் இருக்கும். அழகான பொறியியல்தான். ஆனால் ஒரு முழுப்படத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல், ஒற்றை நிறம், வெயில்பட்டால் மங்கும். கலியாண வீட்டுக்கு ஐம்பது பிரதி கேட்டால் ஸ்டூடியோக்காரர் என்ன செய்வார்?

கூரை ஒழுகினால் உள்ளே நடப்பதற்கு உலகறிந்த உதாரணம் பிலிப்ஸும் டுபோனும் சேர்ந்து நடத்திய பிடிஓ நிறுவனத்தின் பிளக்பேர்ன் ஆலை. இங்கிலாந்தின் அந்த ஆலையில் 1988க்கும் 1993க்கும் இடையில் செய்த சீடிகளில் ஒரு பகுதி, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செம்பழுப்பாகி, சங்கீதத்துக்குப் பதில் இரைச்சலைத் தந்தது. அவற்றின் வார்னிஷ் பூச்சு, உறைக் கடதாசியிலிருந்து கசிந்த கந்தகத்தை மறிக்கவில்லை. கந்தகம் உலோகத்தைத் தின்றது. நாம் வீட்டில் பதியும் சீடிகளில் பெரும்பாலும் வெள்ளிப் படலம். வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் உள்ள பகையைக் கறுத்த கொலுசைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே தரம் கெட்ட கடதாசி உறை கூடாது. இறப்பர் பட்டியால் கட்டி வைப்பதும் கூடாது, இறப்பரைப் பதப்படுத்துவதே கந்தகத்தால்தான்.

ஈரச் சூட்டுக்கு இன்னொரு உறவினரும் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த சீடி ஒன்று நிறம் வெளிறி, இடையிடையே கண்ணாடியாகிக் கிடந்ததை மட்ரிட் நகர இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விளிம்பின் வழியே நுழைந்த ஜியோற்றிக்கம் என்ற பூஞ்சை அலுமினியத்தையும் அதையடுத்த பிளாஸ்டிக்கையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. 2001இல் அது ஆய்விதழிலும் வெளிவந்தது. அபூர்வமான சம்பவம்தான், ஆனாலும் பெலீஸின் வெப்பமும் ஈரமும் கல்முனைக்கு அந்நியமானவை அல்ல.

உப்பு இன்னும் அருகில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது வீடுகளுக்குள் கடல் வந்த நாளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கடல்நீரின் குளோரைட்டு அயன் அலுமினியத்தின் இயல்பான ஒட்சைட்டுக் காப்பைத் துளைக்கக்கூடியது. வார்னிஷ் முழுமையாக இருந்தால் வட்டு தாங்கும். கீறலோ ஊசித்துளையோ இருந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். வெள்ளத்திலோ கடல்நீரிலோ நனைந்த வட்டைச் சேறு காய்வதற்கு முன்பே உறையிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் நிமிர்த்தி உலரவிட வேண்டும். துணியால் அழுத்தித் துடைத்தால் மணல்துகளே கீறிவிடும்.

அலுமாரியில் கிடக்கும் கட்டுக்கு வருவோம். ஸ்டிக்கர் ஒட்டியவற்றை முதலில் பிரித்தெடுங்கள். ஸ்டிக்கரை உரிக்கவே கூடாது. ஓரம் கிளம்பியிருந்தாலும் அப்படியே விட்டு, வேகத்தைக் குறைத்து வாசிக்கச் செய்து வன்தட்டில் பிரதியெடுக்க வேண்டும். கணினியின் உள்ளேயே பொருத்திய கருவி உறுமினால், யூஎஸ்பியில் இணைக்கும் மெல்லிய கருவி உதவும். அதன் சுழற்சி குறைவு. அடுத்தது, போல்பொயின்ற்றால் எழுதிய சீடிகள். பிறகு விளக்குக்கு நேரே பிடித்தால் துளை தெரிபவை. வெள்ளை முகத்தில் பிரின்டரால் அச்சிட்ட டிவிடிகள் கடைசி வரிசையில் காத்திருக்கலாம்.